முதலாளிக்கு ஒரு சட்டை

லாண்டரியில் இருபது வருஷம் நின்றவனுக்குத் தூக்கத்திலும் நீராவி வரும் என்பார்கள். மடிப்புக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் வந்தது. கண்ணை மூடினால் வெள்ளை வெள்ளையாகப் படுக்கை விரிப்புகள் கொடியில் அசையும். அவற்றுக்கு நடுவில் ஈரமான வெளிச்சம் ஒன்று, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி பரவி நிற்கும். அந்தப் பக்கம் யாரோ நடப்பார்கள். நனைந்த தரையில் செருப்பு சப் சப் என்று ஒட்டி ஒட்டிப் பிரியும். யார் என்று பார்க்க விரிப்பை விலக்கப் போவார். அத்தோடு விழிப்பு வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை, கதவு தட்டும் சத்தத்தில் விழிப்பு வந்தது.

மடிப்பு என்பது அவர் பெயரல்ல. அவர் தேய்த்த முழுக்கைச் சட்டையின் மடிப்பைத் தடவினால் விரல் அறுந்துபோகும் என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, பெயராகவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் காவல் இருக்கிறார். பள்ளிக்கூடம் கொடுத்த காக்கிச் சட்டையைத் துவைத்துக் காய்ந்தபடியே மாட்டிக்கொண்டு போவார். அங்கேயும் பிள்ளைகள் அவரை எப்படியோ மடிப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கசங்கின சட்டைக்காரருக்கு ஏன் இந்தப் பெயர் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

வாசலில் நின்றவர் லாண்டரியின் வண்டிக்காரர். வீடு வீடாகத் துணி வாங்கிவந்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வாய் ஓயாத மனுஷன். அன்றைக்குத் தூறலில் தலை நனைந்து, பேசாமல் நின்றார்.

"என்னப்பா, காலையிலேயே?"

"முதலாளி போயிட்டார் அண்ணே."

"எங்கே?" என்று கேட்டுவிட்டார் மடிப்பு. கேட்ட பிறகுதான் புரிந்தது.

"நேத்து சாயங்காலம். நாற்காலியில உட்கார்ந்து கணக்குப்பிள்ளைகிட்டப் பேசிட்டே இருந்தார். 'கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்'னார். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு சிரமம் வைக்கலை. மனுஷன் எப்படி இருந்தாரோ அப்படியே போனார்."

மடிப்பின் மனைவி அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி.

"நாலு மணிக்கு எடுக்கிறாங்க" என்றார் வண்டிக்காரர். "அதுக்கில்லை நான் வந்தது. முதலாளியம்மா ஒரு சங்கதி சொல்லி அனுப்பினாங்க. வெள்ளைச் சட்டை ஒண்ணு எடுத்து வச்சிருக்காங்க. போட்டு அனுப்பறதுக்கு. அதை நீங்க வந்து தேய்ச்சுத் தரணுமாம்."

"ஏன், லாண்டரியில ஆள் இல்லையா?"

"ஆள் இருக்கு. இப்போ எல்லாம் மெஷின் அண்ணே. மூடித் திறந்தா சட்டை அப்பளம் மாதிரி வந்து விழுது. அம்மாவுக்கு அது வேண்டாமாம். 'உயிரோட இருக்கிறவரைக்கும் தேய்ச்ச சட்டை போடலை, இன்னைக்காவது போடட்டும். மடிப்பு கையால தேய்ச்சதாப் போடட்டும்'னு சொன்னாங்க."

மடிப்பு தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டுக் கொடியில் யாரோ எடுக்க மறந்த துண்டு நனைந்துகொண்டிருந்தது.

"நான் வரலை" என்றார்.

"அண்ணே..."

"நான் அந்த வாசப்படி மிதிக்கிறதில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொடறதுமில்லை. உனக்குத் தெரியாதா?"

வண்டிக்காரர் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க அண்ணி. செத்தவர்கிட்ட என்ன வீம்பு?" என்றார். "இன்னும் நாலு இடத்துக்குச் சேதி சொல்லணும்" என்று குடையை விரிக்காமலே இறங்கிப் போனார்.

பெட்டியைத் தொடுவதில்லை என்பது வெறும் பேச்சில்லை. அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது. வெளியூரில் படிக்கிற மகள் விடுமுறைக்கு வரும்போது, தன் உடைகளைப் படுக்கைக்கு அடியில் வைத்து மேலே படுத்துத் தேய்த்துக்கொள்வாள். "ஊரிலேயே பெரிய இஸ்திரிக்காரர் பொண்ணு நான். என் துணிக்கு என் முதுகுதான் பெட்டி" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாளாம்.

மடிப்பு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டியை அவர் தொடவில்லை. டீயில் ஆடை படிந்தது. வெளியே தூறல் நிற்கவுமில்லை, வலுக்கவுமில்லை. நாளே ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய சட்டைதான். பெரிய உடம்பு. சட்டை எப்போதும் கசங்கியிருக்கும். ஒரு பட்டன் பக்கத்து ஓட்டையில் குடியிருக்கும். நீராவிக்கு நடுவில் திரிந்து திரிந்து மூக்குக் கண்ணாடி மங்கிவிடும் என்பதால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடப்பார். புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் அவரையே மூட்டை தூக்குகிறவர் என்று நினைத்து, "முதலாளி எங்கேப்பா?" என்று கேட்பார்கள். "உள்ளே இருப்பார், கூப்பிடறேன்" என்று சொல்லி மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கைகளைத் துடைத்துக்கொண்டு அவரே திரும்பி வருவார்.

"ஊர்ச் சட்டையெல்லாம் தேய்ச்சுட்டு உங்க சட்டையை இப்படி விட்டுட்டீங்களே. ஒரு நிமிஷம் கழற்றிக் கொடுங்க" என்று மடிப்பு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"நம்ம சட்டை எங்கே போகப்போகுது? காத்திருக்கிறவங்க சட்டையைப் பாரு" என்பார் முதலாளி.

துணிகளின் பையில் கிடைக்கிற பொருள்களை ஒரு இழுப்பறையில் போட்டு, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிக் கட்டி, துணியோடு திருப்பி அனுப்புவார். சீப்பு, சாவி, பல்குத்தும் குச்சி எதுவானாலும் சரி. ஒருமுறை ஒரு வாலிபனின் கால்சட்டைப் பையில் எழுதி முடித்து அனுப்பாத காதல் கடிதம் நாலாக மடிந்து நனைந்து கிடைத்தது. முதலாளி அதைப் படிக்கவில்லை. "இதையும் தேய்ச்சுடு, சூடு கம்மியா" என்று மடிப்பிடம் நீட்டினார். கடிதம் சட்டையோடு நேராகி வீடு போய்ச் சேர்ந்தது. அந்தப் பையன் பிற்பாடு கல்யாணமாகி மனைவியோடு வந்தபோது லாண்டரியே சிரித்தது.

அங்கே எல்லாரும் நின்று வேலை செய்கிறவர்கள். சலவைப் பக்கத்துப் பெண்கள் கஞ்சி காய்ச்சும்போது, "நாம குடிக்கிறதும் கஞ்சி, சட்டை குடிக்கிறதும் கஞ்சி. ஆனா சட்டைதான் விறைப்பா நிக்குது" என்று ஒருத்தி சொல்வாள். தினமும் சொல்வாள். தினமும் சிரிப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு முதலாளி ஒவ்வொரு மேஜையாக வந்து, "சாப்பிட்டாச்சா?" என்பார். இன்னும் இல்லை என்று சொன்னவர் கையிலிருந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்.

அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. 'போதும்.'

தேய்க்கிற துணியை அவர் வந்து எட்டிப் பார்ப்பார். சுருக்கம் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில் விரலை வைப்பார். எல்லாம் சரியாக இருந்தால், "போதும்" என்பார். இனி இதில் கை வைக்க ஒன்றுமில்லை, பெட்டியை எடு என்று பொருள். 'நல்லாயிருக்கு', 'சபாஷ்' எல்லாம் அவர் வாயில் வராது. அந்த ஒரு வார்த்தைதான் அங்கே பதக்கம். புதிதாக வந்தவர்களுக்கு முதல் 'போதும்' வாங்க மாதக்கணக்கில் ஆகும். மடிப்பு ஒரு நாளைக்கு நாற்பது வாங்குவார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விடாத மழைக்காலம் ஒன்று வந்தது. எந்தத் துணியும் காயவில்லை. பெரிய விடுதி ஒன்றின் விரிப்புகளும் மேஜைத் துணிகளும் மலையாகக் குவிந்தன. மடிப்பு மூன்று நாள் உட்காராமல் தேய்த்தார். இரண்டாம் நாள் மாலை, ஒரு மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டு மேலுடையில் பெட்டியை அரை நொடி அதிகம் வைத்துவிட்டார். பழுப்பாக, பெட்டியின் மூக்கு அளவுக்கு ஒரு தழும்பு. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் வந்து கத்தியபோது, "நான்தான் கவனிக்கலை" என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை மடிப்பு நீராவிக்குள்ளிருந்து பார்த்தார்.

மறுநாள் காலை பத்து மணி. முதலாளி மேஜைக்கு வந்தார். துணியைப் பார்க்கவில்லை. மடிப்பைப் பார்த்தார். மேலிருந்து கீழே கால் வரைக்கும் பார்த்தார்.

"போதும்பா" என்றார். போய்விட்டார்.

துணிக்குச் சொல்கிற வார்த்தையை அவர் ஆளுக்குச் சொல்லி மடிப்பு கேட்டதே இல்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மேஜைத் துணியை மடித்தார். கையைக் கழுவினார். பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பவில்லை.

"பருப்பு வெந்துடுச்சு. எழுந்து சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"பசிக்கலை."

"மணி பதினொண்ணரை."

"அதுக்கு?"

"நாலு மணிக்கு எடுக்கிறாங்களாம்."

"காது கேட்டுச்சு எனக்கும்."

அவள் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றுமில்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வந்துடுங்களேன்."

"நீயா சொல்றே? அன்னைக்கு நான் வந்து சொன்னதும் அந்தப் பக்கம் பார்த்து மண்ணை வாரித் தூத்தினவ நீதானே? 'இருபத்திரண்டு வருஷத்தை ஒரு வார்த்தையில துடைச்சுப் போட்டானே, நல்லா இருப்பானா'ன்னு கேட்டவ நீதானே?"

"கேட்டேன். அந்த வாயைத்தான் நான் இத்தனை வருஷமா..." எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். அடிக்கிறதுன்னா அடிச்சுடுங்க. நடுவுல பேசாதீங்க."

"உன்னை நான் எப்போ அடிச்சேன்?"

"அதான் சொன்னேனே, நடுவுல பேசாதீங்கன்னு."

மடிப்பு டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அவர் வந்தார். இங்கே. நீங்க வேலையை விட்ட பதினஞ்சாம் நாள். நீங்க பள்ளிக்கூடத்துல முதல் வாரம் போயிட்டிருந்தீங்க. மத்தியானம். மழையில நனைஞ்சு இந்த வாசப்படியில நின்னார். கண்ணாடி நெத்தியில. 'மடிப்புக்கு உடம்பு சரியில்லையாம்மா? ஏன் வரலை?'ன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. 'போதும்னு அனுப்பிட்டு இப்போ ஏன் வரலைன்னு கேட்டா? அவருக்கு வேற வேலை கிடைச்சாச்சு. நிம்மதியா இருக்கார். இந்தப் பக்கம் வராதீங்க'ன்னேன்."

வெளியே கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டியது.

"அவர் அப்படியே நின்னார். 'நான் எங்கேம்மா அனுப்பினேன்?'ன்னார். சத்தியமா அப்படித்தான் கேட்டார். முதலாளி மாதிரி இல்லை, குழந்தை கேக்கிற மாதிரி. எனக்கு அப்போவே தெரிஞ்சு போச்சு, எங்கேயோ தப்பு நடந்திருக்குன்னு. தெரிஞ்சும் கதவைச் சாத்திட்டேன். சாத்தறதுக்கு முன்னாடி கேட்டார், 'நல்லா இருக்காரா?'ன்னு. ஆமான்னேன். 'அப்ப சரிம்மா'ன்னார். போயிட்டார்."

"ஏன் சொல்லலை?" என்றார் மடிப்பு.

"சொல்லணும்னுதான் இருந்தேன். சாயங்காலம் நீங்க வந்தீங்க. அஞ்சு மணிக்கு வந்தீங்க. வெளிச்சம் இருக்கும்போது நீங்க வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. பொண்ணு உங்க மடியில உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினா. மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்க கால் வீக்கம் வடிஞ்சிருந்தது. 'நாளைக்குச் சொல்லலாம்'னு நினைச்சேன். நாளைக்கும் நீங்க அஞ்சு மணிக்கு வந்தீங்க." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நாளைக்கு நாளைக்குன்னே ஒன்பது வருஷம் ஆகிப்போச்சுங்க. இப்போ அந்த மனுஷன்கிட்டச் சொல்ல முடியாது. உங்ககிட்டயாவது சொல்லிடணும்."

கோபம் வரும் என்று மடிப்பு காத்திருந்தார். வரவேண்டிய கோபம் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வாசப்படியில் நனைந்துகொண்டு நிற்கிற பெரிய உடம்பும், அந்த வாய் கேட்ட 'நல்லா இருக்காரா'வும்தான். கூடவே, வெளிச்சம் போகுமுன் வீடு வந்த தன்னுடைய ஒன்பது வருஷமும் தெரிந்தது. ஒரே துணியின் இரண்டு பக்கங்கள். எதைப் பிடித்து எதை உதறுவது?

எழுந்தார். "செருப்பு எங்கே?" என்றார்.

"நானும் வர்றேன்" என்றாள் அவள்.

"வா."

ஊரே தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. தெருவிளக்குகள் பகலிலும் எரிந்தன. எதிரே வந்தவர்கள் தூறலுக்குள்ளிருந்து முளைத்து, அருகில் ஒரு நிமிஷம் மனிதர்களாக இருந்துவிட்டு, மறுபடி கரைந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் நடந்த வழி. கால் தானாகவே திரும்பியது. ரொட்டிக்கடையைத் தாண்டும்போது, முதலாளி கூடவே வருகிற மாதிரி மடிப்புக்கு ஒரு நினைப்பு. சப் சப் என்று பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினார். மனைவிதான், செருப்பு வார் அறுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் அவர் அப்படிச் செய்கிறவரில்லை.

லாண்டரி கீழே, முதலாளியின் வீடு மேலே. இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து மடிப்பு பார்த்ததில்லை. கொடிகளில் வெள்ளை விரிப்புகள் அப்படியே தொங்கின. வேலையாட்கள் சுவரோரம் நின்றார்கள். கஞ்சிப் பகடி சொல்கிறவள் அவரைப் பார்த்ததும் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டாள்.

மனைவி படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டாள். "நீங்க போங்க. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை."

மேலே முன்னறையில் கட்டிலில் முதலாளி படுத்திருந்தார். கழுத்து வரை வெள்ளை விரிப்பு. கண்ணாடி இல்லாத முகம் யாருடையதோ போல இருந்தது. ஆனால் நெற்றியில் கண்ணாடி அழுந்திய இரண்டு பள்ளங்கள் இருந்தன. அதைப் பார்த்த மடிப்பு கிட்டே போனார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டியா?" என்றார் முதலாளியம்மா. அழுது முடித்த குரல். மடியில் மடித்த வெள்ளைச் சட்டை.

"அம்மா, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், அவர் வந்து..."

"தெரியும்டா. இங்கேயிருந்துதானே போனார், இங்கேதானே திரும்பி வந்தார். சொட்டச் சொட்ட வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்தார். 'மடிப்பு நல்லா இருக்கானாம்'னார். அப்புறம் என்னைக் கேட்டார், 'நான் என்ன சொன்னேன் அவனை? மூணு நாளா நின்னு கால் ரெண்டும் வீங்கியிருந்தது. போதும்பா, வீட்டுக்குப் போன்னுதானே சொன்னேன்.' 'வீட்டுக்குப் போன்னு சொன்னீங்களா?'ன்னு கேட்டேன். யோசிச்சார். 'அதைச் சொல்லலையோ?'ன்னார்."

மடிப்பு தரையைப் பார்த்தார்.

"'துணிக்குச் சொல்ற வார்த்தையை ஆளுக்குச் சொல்லிட்டீங்களே'ன்னேன். அதுக்கு அப்புறம் அந்த வார்த்தையையே அவர் விட்டுட்டார், தெரியுமா? கூடத்துல துணி நல்லா இருந்தா மேஜையை ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். வீட்டிலேயும் அப்படித்தான். நான் சோறு போட்டா போதும்னு சொல்லமாட்டார். தட்டுக்கு மேல கையை விரிச்சு வச்சுப்பார். எத்தனை நாள் சூடா அவர் கை மேலேயே கொட்டியிருக்கேன்! 'வாயைத் திறந்து சொன்னா என்ன?'ன்னு திட்டுவேன். சிரிப்பார்."

"என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே அம்மா."

"நான் சொல்லாமலா இருப்பேன்? 'நல்லா இருக்கிறவனை இழுத்துட்டு வந்து மறுபடி நீராவியில நிறுத்தச் சொல்றியா?'ன்னார். உன் பள்ளிக்கூடம் பக்கம் வண்டியில போகும்போது பார்ப்பாராம். வந்து சொல்வார், 'இன்னைக்குப் பிள்ளைங்களோட பேசிட்டிருந்தான், நல்லா இருந்தான்'னு." முதலாளியம்மா சட்டையை எடுத்து நீட்டினார். "போ. ஒரு நாளும் தேய்ச்ச சட்டை போடாத மனுஷன். நல்லாத் தேய்ச்சுக் கொண்டா." பிறகு, "உன் வீட்டுக்காரி வரலையா?" என்றார்.

"கீழே நிக்கிறா. மேல வரப் பயப்படறா."

முதலாளியம்மா படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

மடிப்பின் பழைய மேஜை சன்னலோரம் இன்னும் இருந்தது. அதன்மேல் சோப்பு மூட்டைகள். வேலையாட்கள் ஓடிவந்து இறக்கினார்கள். யாரோ பெட்டியைச் சூடேற்றினார்கள், யாரோ சுத்தமான துணி விரித்தார்கள். மடிப்பு சட்டையை உதறி விரித்தார். ஒன்பது வருஷம் சும்மா இருந்த கை, என்ன செய்யுமோ என்று பயந்தார். ஈர விரலைப் பெட்டியின் அடியில் ஒற்றினார். சுர் என்றது. அந்தச் சத்தம் விரலுக்குள் போய், மணிக்கட்டில் ஏறி, தோளை எழுப்பியது. கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் காலர், ஓரத்திலிருந்து நடுவுக்கு. பிறகு தோள்பட்டி. பிறகு கை முனைகள், உள்பக்கம், வெளிப்பக்கம். தண்ணீர் தெளித்தார். நீராவி எழுந்து முகத்தில் படிந்தது. அது நீராவிதானா கண்ணீரா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பட்டன்களைச் சுற்றிப் பெட்டியின் மூக்கை விட்டு எடுத்தார். முன்பக்கம் முடிந்து, சட்டையைப் புரட்டினார்.

எடுத்துப் போக வந்தவர்களில் மூத்தவர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, முதுகுப் பக்கம் வேண்டாமே. படுத்திருப்பார், யாருக்கும் தெரியாது. தவிர, உடம்பு விறைச்சிருக்கும். சட்டையைப் பின்னால வெட்டித்தான் மாட்டுவோம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"வெட்டவேண்டாம்."

"மாட்ட முடியாதுங்க."

"மெதுவா மாட்டினா முடியும். நேரமாகும், மன்னிச்சுக்குங்க."

"சரி, முதுகையாவது விடுங்களேன். யார் பார்க்கப்போறா?"

"தெரியவேண்டியவருக்குத் தெரியும்" என்றார் மடிப்பு. முதலாளியைச் சொன்னாரா, அதற்கும் மேலே இருக்கிற முதலாளியைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. முதுகையும் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையை மடிக்காமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். படிக்கட்டின் அடியில் மனைவி ஒதுங்கி வழிவிட்டாள்.

மேலே மடிப்பும் வண்டிக்காரரும் எடுக்க வந்த மூத்தவரும் முதலாளியைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். முதலில் கை வளையவில்லை. மடிப்பு அந்தத் தோளைத் தன் உள்ளங்கையால் தேய்த்துக்கொடுத்தார். அவசரப்படாமல், வட்டம் வட்டமாக, வெகுநேரம் தேய்த்தார். கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவரே, பிறகு மறு தோளைத் தேய்க்க ஆரம்பித்தார். மெல்ல மெல்லக் கை இளகியது. வலது கை நுழைந்தது. முதுகுப்பக்கமாகச் சட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து இடது கையையும் நுழைத்தார்கள். வெட்டாமல், கிழியாமல், சட்டை வந்து தோளில் உட்கார்ந்தது. மறுபடி படுக்கவைத்தார்கள்.

முதலாளியம்மா எழுந்து படிக்கட்டின் மேல்படிக்குப் போனார்.

"ஏம்மா, கீழேயே நின்னுட்டா எப்படி? மேல வா."

மடிப்பின் மனைவி ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். தலை நிமிரவில்லை. "அம்மா, அன்னைக்கு நான்தான் கதவை..."

"தெரியும். அதைப் பத்தி நாம ஒருநாள் உட்கார்ந்து பேசலாம், சாவகாசமா. எனக்கும் இனி பேச ஆள் வேணும். இப்போ என் விரல் நடுங்குது. நீ வந்து பட்டனைப் போட்டு விடு. சரியான ஓட்டையில போடு, அவருக்கு அது வரவே வராது."

அழுகைக்கு நடுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். மடிப்பின் மனைவி முட்டி போட்டு உட்கார்ந்து, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பட்டன் போட்டாள். ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கடைசிப் பட்டனில் கை நின்றது. சட்டையின் ஓரத்தில் நெற்றியை வைத்தாள். எவ்வளவு நேரமோ, பிறகு எழுந்து விலகி நின்றாள்.

முதலாளியம்மா குனிந்து, கணவரின் மார்பில் உள்ளங்கையை வைத்தார். திடுக்கிட்டு நிமிர்ந்தார். மறுபடி வைத்தார்.

"சூடா இருக்கார்" என்றார்.

தேய்த்த சட்டையின் சூடு அது. அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. எடுக்க வந்தவர்களில் ஒருவர் படியேறி வந்து, நாலு மணி ஆகிவிட்டது என்று சைகை காட்டினார். மூத்தவர் அவரைப் பார்த்துத் தலையசைத்து, இரு என்றார்.

வெளியே தூறல் விட்டிருந்தது. முதலாளியம்மா கையை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்தச் சூடு ஆறும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.